மெரிடாவிலிருந்து வாடகைக் கார்: சிச்சேன் இட்சாவா, உஷ்மாலா?

மெக்சிகோவின் மெரிடா நகரில் தங்கிக்கொண்டு, ஒரு நாள் கார் எடுத்து மாயன் இடிபாடுகளைப் பார்க்கக் கிளம்பினால் இரண்டு வழிகள். கிழக்கே சுமார் 120 கிலோமீட்டரில் சிச்சேன் இட்சா. தெற்கே 80 கிலோமீட்டரில் உஷ்மால், அதைத் தாண்டினால் பூக் குன்றுகளில் கபா, சாயில், லாப்னா. நாங்கள் காரைத் தெற்கே விட்டோம். மறுபடி போனாலும் தெற்கேதான்.

சிச்சேன் இட்சாவைக் குறை சொல்ல வரவில்லை. குகுல்கான் பிரமிடு, பக்கத்துக்கு 91 படிகள், உச்சி மேடையையும் சேர்த்தால் 365. 168 மீட்டர் நீளப் பந்தாட்டக் களம். பார்க்க வேண்டியவைதான். காலை 8 மணிக்குத் திறந்தவுடன் நுழைந்துவிட்டால் நிம்மதி. கான்குன் கடற்கரை நகரிலிருந்து சுற்றுலாப் பேருந்துகள் வந்து சேர்ந்த பிறகு கூட்டம். நடைபாதை நெடுக ஜாகுவார் போல உறுமும் ஊதலை விற்பவர்கள் வேறு.

ஆனால் அதற்குக் கார் எதற்கு? மெரிடாவிலிருந்து அங்கே பஸ் போகிறது, நாங்களும் முன்பு அப்படித்தான் போய் வந்தோம். கார் எடுத்தாலும் சுங்கச் சாலையில் ஓட்டி, வாகன நிறுத்தத்தில் விட்டுவிட்டு, மாலை அதே சாலையில் திரும்புவதுதான் பெரும்பாலும் நடக்கும். வாடகை என்பதும் இணையத்தில் காட்டும் தொகையோடு நிற்பதில்லை. மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம், கிரெடிட் கார்டு தரும் காப்பீட்டில் பெரும்பாலும் அது அடங்காது, ஆகவே கவுன்டரில் தொகை ஏறும். அவ்வளவு கொடுத்து எடுக்கும் வண்டி, பஸ் போகாத இடத்துக்குப் போக வேண்டாமா?

தெற்கே அந்தக் காசு வசூலாகிவிடுகிறது. உஷ்மால் வரை பஸ்ஸில் வந்துவிடலாம், ஆனால் அதற்கு அப்பால் பஸ்ஸை நம்பி ஒவ்வோர் இடமாக இறங்கி ஏற முடியாது. உஷ்மாலிலிருந்து லாப்னா ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மற்ற இடங்கள் எல்லாம் அந்த வழியிலேயே. கபாவில் இடிபாடுகள் நெடுஞ்சாலையின் இரு பக்கமும் இருக்கின்றன. அங்குள்ள கோட்ஸ் போப் கட்டடத்தின் முகப்பு முழுக்க மழைத் தெய்வம் சாக்கின் முகங்கள், நூற்றுக்கணக்கில். கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு முகமும் ஒரே கல் இல்லை என்று தெரியும்: கண் தனி, பல் தனி, துதிக்கை போல் வளைந்த மூக்கு தனி எனச் செதுக்கிச் சேர்த்திருக்கிறார்கள். பல மூக்குகள் உடைந்து வெறும் மொட்டையாக நிற்கின்றன.

மழைக்கு ஏன் இத்தனை முகங்கள் என்பதற்கும் பதில் அங்கேயே இருக்கிறது. இந்தக் குன்றுப் பகுதியில் ஆறு இல்லை. வடக்கே இருப்பது போன்ற சினோட்டே எனும் இயற்கைக் கிணறுகளும் அரிது. மழைநீரைச் சுல்தூன் என்ற நிலத்தடித் தொட்டிகளில் இறக்கிச் சேமித்தே ஊர்கள் பிழைத்தன. லாப்னாவின் புகழ்பெற்ற வளைவைப் பார்க்கப் போகிறவர்கள் அந்தத் தொட்டிகளின் வாயையும் தேடிப் பார்க்கலாம்.

அப்புறம் கிராமங்கள். லாப்னாவிலிருந்து அப்படியே ஓஷ்குட்ஸ்காப் போனால் ஆரஞ்சுச் சந்தை. பக்கத்தில் மானி: 1562இல் தியேகோ தே லாண்டா என்ற பாதிரியார் மாயன் ஏடுகளை எரித்தது இந்த ஊரில்தான். மடாலயத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, புளிப்பு ஆரஞ்சில் ஊறவைத்துச் சுட்ட போக் சூக் பன்றிக்கறியும் சோளரொட்டியும் சாப்பிடலாம். மண்பாண்டத்துக்கும் செருப்புக்கும் பேர்போன திகூல் வழியாகத் திரும்பலாம்.

ஓட்டுவது சிரமமில்லை, வேகத்தடைகளைத் தவிர. ஒவ்வொரு ஊர் நுழைவிலும் இருக்கும். சிலவற்றில் பெயின்ட்கூட இருக்காது. அதனால் இருட்டுவதற்குள் மெரிடா திரும்பிவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டோம், இரவில் ஓட்டவில்லை. நாங்கள் போனது காய்ந்த மாதத்தில் என்பதால் மழைக்காலத்தில் இந்தச் சாலைகள் எப்படி என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

உஷ்மாலில் மாநிலத்துக்கு ஒன்று, மத்திய அரசுக்கு ஒன்று என இரண்டு சீட்டு வாங்க வேண்டும், சிச்சேன் இட்சாவிலும் அப்படித்தான். பெசோ ரொக்கமாகக் கையில் இருக்கட்டும். சாயில், லாப்னா போன்ற சிறிய இடங்கள் திறந்திருக்கின்றனவா என்று மெரிடாவிலேயே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

வாழ்க்கையில் ஒரே ஒரு மாயன் நகரம்தான் பார்க்க வாய்க்கும் என்றால் சிச்சேன் இட்சாவுக்கே போங்கள். பஸ்ஸில் போங்கள்.