ரோஹ்தாங் பழைய ரோடுன்னு காசை வாங்கிட்டு சுரங்கத்துல கூட்டிட்டுப் போனாங்க: 18,500 ரூபாய் போச்சு

மணாலிக்கு டிக்கெட் போட்டிருக்கவங்க யாராவது இருந்தா முழுசா படிச்சிட்டுப் போங்க. ஊருக்கு வந்து பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கல. வயித்தெரிச்சல் தாங்காம எழுதுறேன். கம்பெனி பேரைப் போட்டா வக்கீல் நோட்டீஸ்னு கிளம்பி வருவாங்க, அதனால போடல. டூர் பேக்கேஜ் விக்கிற ஆன்லைன் தளம். ரெண்டு ரீல்ஸ் பார்த்தா மூணாவதா இவங்க விளம்பரம்தான் வரும்.

எங்க அப்பா பட்டாளத்துல லாரி ஓட்டினவர். 80-கள்ல மணாலியிலிருந்து லடாக்ல இருக்க லே வரைக்கும் கான்வாய்ல சரக்கு ஏத்திட்டுப் போவாங்களாம். அந்த வழியில, மணாலிக்கு மேல இருக்க ரோஹ்தாங் கணவாய்ல பனியில வண்டி நின்ன கதையைக் கேட்டுத்தான் நாங்க வளர்ந்தோம். 3,978 மீட்டர், அதாவது 13,000 அடிக்கு மேல. சாகுறதுக்குள்ள அந்த ரோட்டை இன்னொரு தடவை பார்க்கணும்னு அவருக்கு ஆசை.

இப்ப அங்க நிலைமை வேற. 2020 அக்டோபர்ல அடல் சுரங்கம் திறந்ததிலிருந்து லே போற வண்டி பெரும்பாலும் அதுக்குள்ளதான் போகுது. 9 கிலோமீட்டர் நீளம், ஏறக்குறைய 10,000 அடி உயரத்துலேயே மலையைக் குடைஞ்சு அந்தப் பக்கம் லாஹௌல் பள்ளத்தாக்குல விட்டுடும். மேல ஏறவே வேண்டாம். கணவாய் மேல ஏறிப் போற பழைய ரோட்டுல போகணும்னா தனியா பெர்மிட் வேணும். பசுமைத் தீர்ப்பாயம் போட்ட கட்டுப்பாடு, ஒரு நாளைக்கு 1,200 வண்டிதான்: பெட்ரோல் 800, டீசல் 400. வண்டி நம்பரைப் போட்டு ஆன்லைன்ல எடுக்கணும். குலாபா செக்போஸ்ட்ல பார்த்துட்டுத்தான் விடுவாங்க. கட்டணம் 500, நெரிசல் கட்டணம் 50, மொத்தம் 550 ரூபாய். இந்த 550-ஐ ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வருது.

எங்களுக்குச் சொன்ன பிளான் இதுதான். பழைய ரோட்டுல கோத்தி, ரஹாலா அருவி, மர்ஹி, அங்கிருந்து வளைஞ்சு வளைஞ்சு ஏறி ரோஹ்தாங் உச்சி. அந்தப் பக்கம் கிராம்ஃபு வரைக்கும் இறங்கி, சந்திரா ஆத்தை ஒட்டியே சிசு போய் ராத்திரி தங்கல். திரும்பும்போது மட்டும் சுரங்கம். நாலு பேருக்குத் தனி வண்டி, பெர்மிட், ரூம் எல்லாம் சேர்த்து 18,500.

பேசினவன் தமிழ்ப் பையன். "அண்ணே, நானும் தேனிப் பக்கம்தான்"னு ஆரம்பிச்சான். பழைய ரோடுதான்னு எழுத்துல கொடுன்னு கேட்டேன், உடனே வாட்ஸ்அப்ல டைப் பண்ணி அனுப்பினான்: "ஓல்டு ரோடு, ரோஹ்தாங் டாப் வழியா, கன்ஃபர்ம்." அதோட விடல. "ஐயாகிட்ட போனைக் குடுங்கண்ணே"ன்னான். அப்பா ஆரம்பிச்சா நிறுத்த மாட்டார். கான்வாய், டயர்ல சங்கிலி கட்டினது, மர்ஹியில டீ குடிச்சது, எல்லாத்தையும் சொல்றார். அவன் நடுவுல ஒரு வார்த்தை குறுக்கே பேசல. கடைசியில, "ஐயா, நீங்க ஓட்டின ரோட்டுல உங்களை ராஜா மாதிரி கூட்டிட்டுப் போறது என் பொறுப்பு"ன்னான். அப்பா கண்ணைத் துடைச்சிட்டு போனை என்கிட்ட நீட்டி, "நல்ல பையன்யா, பணத்தைப் போட்டு விடு"ன்னார். பெர்மிட் கோட்டா முடிஞ்சிரும், முழுப் பணமும் இப்பவே வேணும்னான். யுபிஐ-ல 18,500 போட்டேன். கிளம்புறதுக்கு முந்தின ராத்திரி பெர்மிட்டுன்னு ஒரு போட்டோவும் வந்தது.

காலையில வண்டி வந்தது. டிரைவர் முதல்ல நிறுத்தினது பனி உடுப்பு வாடகைக்கு விடுற கடையில. முதுகுல நம்பர் எழுதின தொளதொளன்னு ஒரு கோட்டு, உள்ள ஈரம் காயாத ரப்பர் பூட்ஸ். கண்டிப்பா எடுத்தே ஆகணும்னு அதுக்குத் தனியா காசு. (போன இடத்துல ஒரு பிடி பனி இல்லை, அது வேற கதை.)

பல்சான்ல ரோடு ரெண்டா பிரியும். வலது பக்கம் ஏறினா கோத்தி, குலாபா, ரோஹ்தாங். இடது பக்கம் சோலாங், அதைத் தாண்டி சுரங்கம். வண்டி இடது பக்கம் திரும்பிச்சு. முன்சீட்டுல இருந்த அப்பாதான் முதல்ல கத்தினார், வலது பக்கம் போப்பான்னு பட்டாளத்து இந்தியில. டிரைவர் வண்டியை ஓரங்கட்டி தன் போனைக் காட்டினான். அதுல இருந்த புக்கிங்: அடல் டன்னல், சிசு, ஒரு நைட். ரோஹ்தாங்ங்கிற பேரே இல்ல. "இன்னைக்கு செவ்வாய்க்கிழமை சாப், மேல டூரிஸ்ட் வண்டி விட மாட்டாங்க"ன்னான். வாராவாரம் செவ்வாய்க்கிழமை ரோடு பராமரிப்புக்காக மூடுறது மணாலியில டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரியுமாம். தேதியைக் குறிச்சுக் கொடுத்ததே அந்தத் தேனிப் பையன்தான்!

சுரங்கத்துக்குள்ள வரிசையா லைட்டு, சிமென்ட் சுவரு, முன்னாடி போற பஸ்ஸோட பின்பக்கம். "இதுக்கு ஆண்டிபட்டி கணவாய்க்கே போயிருக்கலாம்"னார் அப்பா. அதுக்கப்புறம் சிசு வரைக்கும் பேசல. சிசு அழகான ஊருதான், எதிர்ல அருவி விழுது, குறை சொல்ல முடியாது. ஆனா நாங்க காசு கட்டினது அதுக்கு இல்லையே.

திரும்பி வந்து மணாலி ஹோட்டல் மேனேஜர்கிட்ட அந்தப் பெர்மிட் போட்டோவைக் காட்டினேன். சிரிச்சிட்டார். எங்களுக்கு வந்தது டீசல் வண்டி, பெர்மிட் யாரோ ஒருத்தர் பெட்ரோல் காருக்கு எடுத்தது. தேதி வர்ற இடத்தை நறுக்கிட்டு அனுப்பியிருக்கான்.

அப்புறம் ஆரம்பிச்சது அலைக்கழிப்பு. தேனிப் பையன்: "அண்ணே, டீம்கிட்ட எஸ்கலேட் பண்ணிட்டேன்." மறுநாள் ப்ளூ டிக் மட்டும். அதுக்கடுத்து டிக்கும் இல்ல, ப்ளாக். கஸ்டமர் கேர்ல ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னு பாட்டுப் போட்டுட்டு, ஒரு அம்மா வந்து "நிலச்சரிவு சார், இயற்கைச் சீற்றத்துக்கு ரீஃபண்ட் கிடையாது"ங்குறாங்க. எங்கேம்மா நிலச்சரிவு, செவ்வாய்க்கிழமைங்கிறதாலதானே மேல விடலன்னு கேட்டா, "நாங்க வெறும் தளம்தான் சார், லோக்கல் ஆபரேட்டர்கிட்ட பேசுங்க." லோக்கல் ஆபரேட்டரைத் தேடிப் பிடிச்சா, அவர் பாவம் நேராவே சொல்லிட்டார்: இவங்க அவருக்குக் கொடுத்தது வண்டிக்கும் ரூமுக்கும் சேர்த்து 7,000 ரூபாய், அதுவும் சுரங்க ட்ரிப்புக்கு. 18,500 வாங்கிட்டு 7,000! கடைசியா ஒரு மெயில்: "நல்லெண்ண அடிப்படையில்" பெர்மிட் கட்டணம் 550 ரூபாயைத் திருப்பித் தர்றாங்களாம். அதுவும் பணமா இல்ல, அடுத்த டூர்ல கழிச்சுக்கிற கூப்பனா. எடுக்கவே எடுக்காத பெர்மிட்டுக்கு! அதே மெயிலுக்குக் கீழ, உங்க ரோஹ்தாங் பயணத்துக்கு எத்தனை ஸ்டார் தருவீங்கன்னு ஒரு கேள்வி.

அப்பா "விடுய்யா, போகட்டும்"ங்குறார். நான் விடுறதா இல்ல. 18,500 ரூபாய் எனக்கு ஒரு மாச வீட்டு வாடகைக்கும் மேல.

போறவங்க என்னென்ன பார்க்கணும்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்துல இவ்வளவுதான் வருது. செவ்வாய்க்கிழமை ரோஹ்தாங்னு எவன் சொன்னாலும் போனை வைங்க. பெர்மிட்டுல இருக்க வண்டி நம்பரும் வாசல்ல வந்து நிக்கிற வண்டி நம்பரும் ஒண்ணான்னு ஏறுறதுக்கு முன்னாடி பாருங்க, தேதியோட முழுப் பக்கமும் கேளுங்க. முழுப் பணம் முன்னாடியே கேட்டா வேண்டாம்னு சொல்லிட்டு மணாலியில இறங்கி நேர்ல வண்டி பேசுங்க. பல்சான்ல வண்டி வலது பக்கம் திரும்பணும். ஏமாந்தவங்க 1915-ங்கிற நுகர்வோர் உதவி நம்பருக்குப் போன் பண்ணி புகார் பதியலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே கேஸ் போடலாமாம், மணாலிக்கு அலைய வேண்டாம். வாட்ஸ்அப் சாட்டை அழிக்காதீங்க. நான் இப்ப பேங்க்குக்குக் கிளம்புறேன், ஸ்டேட்மென்ட்ல சீல் வாங்கணும், மூணரைக்கு மேல போனா நாளைக்கு வாங்கம்பாங்க.