திருகோணமலை பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு மதியச் சாப்பாட்டுக் கடை

பாரை மீன் குழம்பும் முருங்கையிலைச் சுண்டலும் பாற்சொதியும் வழக்கம்போலவே நன்றாக இருந்தன. பருப்பில் மட்டும் உப்புச் சற்றுக் கூடுதல். இம்முறை சோற்றுப் பார்சலின் விலை ஐம்பது ரூபாய் ஏறியிருந்தது. தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 17,500 ரூபாயிலிருந்து 27,000 ஆகவும், 2026 ஜனவரியில் 30,000 ஆகவும் சட்டப்படி உயர்ந்ததால், பாத்திரம் கழுவும் அக்காமார் இருவருக்கும் கூட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது என்று முதலாளி விளக்கினார். சிறிய கடைகள் இச்சுமையைத் தாங்குமா என்ற கேள்வி நியாயமானதே; ஆயினும் 2022இன் விலையேற்றத்துக்குப் பின்னரும், நாள் முழுவதும் அடுப்படியில் நிற்பவர் தம் பிள்ளைக்குப் பால்மா வாங்கத் தயங்கும் சம்பளத்தில் கிடைக்கும் மலிவுச் சோறு எனக்கு வேண்டாம். அந்த ஐம்பது ரூபாயை மனமுவந்தே கொடுத்தேன். பன்னிரண்டரை மணிக்கு முன் போனால் பொரித்த மீனும் கிடைக்கும்.