கொமெண்ட்டுக்குத் தானாகப் பதில் போட எது தோது? டெம்பர்மங்கி, பிளேரைட், கிராஃப் ஏபிஐ

வெள்ளவத்தைச் சேலைக்கடையோ புறக்கோட்டை மொத்த வியாபாரியோ, பேஸ்புக் பக்கத்தில் படம் போட்டால் கீழே வருவது அநேகமாக ஒரே கேள்விதான்: விலை என்ன? இதற்குத் தானாகப் பதில் போட ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) தேடுபவர்களுக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: டெம்பர்மங்கி, பிளேரைட், கிராஃப் ஏபிஐ. எது எழுதச் சுலபம் என்று பார்த்துத் தெரிவு செய்வதுதான் வழக்கம். நாம் முதலில் பார்ப்பது வேறு: ஸ்கிரிப்ட் யாருடைய லொகினில் ஓடுகிறது, முடங்கினால் எது கையை விட்டுப் போகும்?

டெம்பர்மங்கி என்பது நீங்கள் எழுதும் ஸ்கிரிப்ட்டை இணையப் பக்கத்தில் ஓட்டும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன். உங்கள் குரோமுக்குள்ளேயே, நீங்கள் திறந்து வைத்திருக்கும் பக்கத்தில் ஓடும். குரோம் 138இலிருந்து எக்ஸ்டென்ஷன் விவரங்களுக்குள் போய் யூசர் ஸ்கிரிப்ட்டுக்கான அனுமதியைத் தனியாகப் போட வேண்டும். அதைப் போடாமல் 'ஸ்கிரிப்ட் வேலை செய்யவில்லை' என்று மண்டையை உடைப்பவர்கள் பலர். அடுத்த வில்லங்கம் பட்டனைக் கண்டுபிடிப்பது. பேஸ்புக் தன் பக்கத்தின் உறுப்புகளுக்கு இடும் கிளாஸ் பெயர்கள் இயந்திரம் உருவாக்கும் எழுத்துக் குவியல். எப்போது மாறும் என்று சொல்ல முடியாது. ஆகவே ரோல் (உறுப்பு பட்டனா, பெட்டியா என்ற குறிப்பு), ஏரியா லேபல் (திரைவாசிப்பானுக்காக இடும் பெயர்) இரண்டையும் பிடிக்க வேண்டும். ஆனால் லேபல் திரைமொழியோடு மாறும். முதலாளியின் கணினி ஆங்கிலத்தில், கவுண்டரில் இருப்பவருடையது சிங்களத்தில் அல்லது தமிழில் என்றால், ஒன்றில் ஓடுவது மற்றதில் ஓடாது. கொழும்பில் இது அன்றாடக் கதை. மூன்று மொழி லேபல்களையும் ஒரு பட்டியலாக ஸ்கிரிப்ட்டின் தலையில் வைத்துவிடுங்கள்.

பதில் எழுதும் பெட்டியும் சாதாரண இன்புட் அல்ல, எழுதுவதைத் தன் கணக்கில் தனியாக வைத்திருக்கும் எடிட்டர். அதற்குள் எழுத்தை நேரடியாகத் திணித்தால் கண்ணுக்குத் தெரியும், எடிட்டரின் கணக்கில் ஏறாது. என்டர் தட்டினாலும் ஒன்றும் போகாது. பெட்டிக்கு ஃபோகஸ் கொடுத்து, பிரவுசரின் 'இன்சர்ட் டெக்ஸ்ட்' கட்டளை வழியாக எழுதினால் பெரும்பாலும் ஏற்கும். டைமரை நம்பவும் முடியாது: டேப் 5 நிமிடத்துக்கு மேல் மறைந்திருந்தால் குரோம் அதை நிமிடத்துக்கு ஒரு தடவை என்ற அளவுக்கு இறக்கிவிடும். புதிய கொமெண்ட்டைக் கவனிக்க, பக்கம் மாறும்போது தகவல் தரும் பிரவுசர் வசதியான மியூட்டேஷன் ஒப்சேர்வரே சரி.

இவ்வளவும் செய்தாலும், பதிலை நிரப்புவது வரைதான் ஸ்கிரிப்ட்டின் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். என்டரை மனிதர் தட்டட்டும்.

பிளேரைட், பிரவுசரைத் தானாக இயக்கும் கருவி; 2020இல் மைக்ரோசொப்ட் வெளியிட்டது. 2004இல் பிறந்த, இதே வேலைக்கான செலினியத்தோடு ஒப்பிட்டால் காத்திருப்புத் தலையிடி குறைவு. பட்டன் தெரிந்து, அசைவு நின்று, அழுத்தக்கூடிய நிலைக்கு வரும்வரை தானே பொறுக்கும். முன்னிருப்பு எல்லை 30 விநாடி. புதிதாகத் தொடங்குபவருக்கு இதுதான் நல்லது, ஆனால் உங்கள் கடையின் சொந்த இணையத்தளத்தைச் சோதிப்பதற்கு. பேஸ்புக்குக்கு அல்ல. பிரவுசர் தானியக்கத்தில் ஓடுகிறது என்ற அடையாளத்தைப் பக்கம் ஒரே வரியில் வாசித்துவிடும். அதையே சிங்கப்பூர் சேர்வரில் ஏற்றினால், கொழும்பில் போனிலும் அங்கே பிரவுசரிலும் ஒரே கணக்கு. அடையாளத்தை உறுதிப்படுத்தச் சொல்லிக் கணக்கைப் பூட்டினால் ஆச்சரியப்படாதீர்கள். அனுமதியின்றித் தானியங்கி வழியில் நுழைவதை பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் விதிகள் தடுக்கின்றன. எக்ஸ் தளமோ, இணையப் பக்கத்தை ஸ்கிரிப்ட்டால் இயக்கினால் நிரந்தர இடைநிறுத்தம் வரலாம் என்று எழுதியே வைத்திருக்கிறது. தானியக்க அடையாளத்தை மறைக்கும் பிளகின்கள் கிடைக்கின்றன. அவற்றைப் போட்டுக் கடையின் பெயரைப் பணயம் வைப்பதில் ஒரு நியாயமும் இல்லை.

கிராஃப் ஏபிஐ, பேஸ்புக்கோடு நிரல்கள் பேச மெட்டா தரும் அதிகாரபூர்வ வழி. இதற்கு முதலில் அலுப்பு அதிகம்: ஆப் பதிவு, அனுமதிகள், மற்றவர்களின் பக்கங்களுக்கும் செய்து கொடுப்பதானால் மெட்டாவின் பரிசீலனை. அதன் பிறகு திரைமொழியும் கிளாஸ் பெயரும் ஒரு பொருட்டே அல்ல. கொமெண்ட் விழுந்ததும் வெப்ஹூக் (மெட்டா தானாக அனுப்பும் அறிவிப்பு) உங்கள் சேர்வருக்குத் தகவல் தரும். இங்கே இரண்டு பொறிகள். நீங்கள் போட்ட பதிலும் புதிய கொமெண்ட்டாகவே திரும்பி வரும். அனுப்பியவர் உங்கள் பக்கமா என்று பார்க்காவிட்டால் பொட் தனக்குத் தானே பதில் எழுதிக்கொண்டிருக்கும். ஒரே தகவல் இரு தடவையும் வரலாம். கொமெண்ட் இலக்கத்தைச் சேமித்து ஒப்பிடுங்கள். கொமெண்ட் போட்டவருக்குத் தனி மெசேஜ் 7 நாட்களுக்குள், ஒரு தடவை மட்டும். அவர் பதில் எழுதினால் 24 மணிநேரம் உரையாடலாம். டோக்கன் என்பது ஏபிஐக்குள் நுழையும் சாவி. 60 நாள் யூசர் டோக்கனிலிருந்து எடுக்கும் பக்க டோக்கனுக்குக் காலாவதி இல்லை, ஆனால் அட்மின் கடவுச்சொல்லை மாற்றினால் அது செத்துவிடும். சொந்த புரொஃபைலுக்கு இந்த வழி இல்லை; குழுக்களுக்கான ஏபிஐயையும் மெட்டா 2024இல் எடுத்துவிட்டது.

எந்த வழியிலும் தப்ப முடியாத தொல்லை மொழி. 'விலை என்ன', சிங்களத்தில் 'கீயத', ஆங்கில எழுத்தில் தமிழ் என்று எல்லாம் வரும். ஜாவாஸ்கிரிப்ட்டின் சொல் எல்லைக் குறியீடு தமிழ் எழுத்துகளை அறியாது. இடைவெளி, நிறுத்தக்குறிகளில் பிரித்துத்தான் தேட வேண்டும். 'கொழும்பு' என்பதில் உள்ள கொம்பும் காலும் ஒரே குறியாகவும் வரும், இரண்டு குறிகளாகவும் வரும். கண்ணுக்கு ஒன்றுதான், ஒப்பீட்டில் வேறு. இரு பக்கத்தையும் என்எஃப்சி (யூனிகோடின் ஒருங்கிணைந்த வடிவம்) வடிவத்துக்கு மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள்.

நாளுக்குப் பத்துப் பதினைந்து கொமெண்ட் வரும் கடைக்கு மெட்டா பிசினஸ் சூட்டில் இலவசமாக உள்ள சேமித்த பதில்களே போதும். கூடுதல் வசதி வேண்டுமானால் டெம்பர்மங்கி. நூற்றுக்கணக்கில் வந்தால் ஏபிஐ. எதைத் தொடங்கினாலும் பக்கத்துக்கு முழு அதிகாரமுள்ள இரண்டாவது அட்மின் ஒருவரைச் சேர்த்து, இருவருக்கும் இரு படி உறுதிப்படுத்தலைப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.