மார்பக மீளமைப்புக்கு முன் ஆலோசனை: யாழ்ப்பாணத் தனியார் கிளினிக் ஒன்றின் சேவை

மார்பகத்தை அகற்றிய பின் மீளமைப்பதா, எப்போது, எந்த முறையில் என்று முடிவெடுக்க வேண்டிய பெண்களுக்கு யாழ் நகரின் தனியார் கிளினிக் ஒன்று தமிழில் ஆலோசனை சொல்லி, கையேடும் கொடுக்கிறது. சத்திரசிகிச்சையை விளக்குவதில் குறை சொல்ல இடமில்லை. முடிவெடுக்கத்தான் அது பாதியளவே உதவுகிறது.

வயிற்றுத் தோலையும் கொழுப்பையும் மட்டும் எடுத்து நெஞ்சின் இரத்தக்குழாயோடு இணைக்கும் ‘டீப்’ முறைக்கும், தசையையும் சேர்த்தெடுக்கும் ‘ட்ராம்’ முறைக்கும் உள்ள வேறுபாடு படத்தோடு இருக்கிறது. தசை போனால் வயிற்றுச் சுவர் பலமிழக்கும், குடலிறக்கமும் வரலாம். தோட்டவேலை செய்பவர்களிடம் இதை அழுத்திச் சொல்கிறார்கள், நல்லது. சத்திரசிகிச்சைக்குப் பின் காயத்தில் விடும் வடிகுழாயில் சேரும் நீரை அளந்து எழுதவும் பழக்குகிறார்கள். பொதுவாக 24 மணித்தியாலத்தில் 30 மில்லிலீற்றருக்குக் கீழே வந்தால்தான் குழாயை எடுப்பார்கள்.

கதிர்வீச்சைப் பற்றி ஒரேயொரு வரி. பெரிய ஓட்டை இதுதான். வயிற்றுத் திசுவுக்குப் பதிலாகச் சிலிக்கோன் பை வைத்த மார்புக்குக் கதிர்வீச்சுக் கொடுத்தால், பையைச் சுற்றி உடல் கட்டும் உறை இறுகி, வலியும் கோணலும் வரும் வாய்ப்புக் கூடுகிறது. கதிர்வீச்சு வேண்டுமா என்பது சிலருக்கு அகற்றிய திசுவின் அறிக்கை வந்த பிறகே உறுதியாகும். ஆகவே தெல்லிப்பளைப் புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை பெறுபவர், தன் புற்றுநோய் வைத்தியரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். சிலிக்கோன் பைக்கு இடம் உண்டாக்க முதலில் தோலை விரிக்கும் பை வைத்தால் ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை உப்புநீர் ஏற்ற வரவேண்டும். நெடுந்தீவிலிருந்து படகில் வருபவருக்கு இது சின்ன விஷயமா?

சிலிக்கோன் பை ஆயுளுக்கும் நிற்காது என்பதும் கையேட்டில் இல்லை. கசிவு வெளியே தெரியாமலே நடக்கலாம். அதனால் 5 முதல் 6 ஆண்டுகளில் முதல் ஸ்கானும், பின் 2–3 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் என்பது மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரச அமைப்பான எஃப்.டி.ஏ.யின் பரிந்துரை. சொரசொரப்பான மேற்பரப்புள்ள ‘பயோசெல்’ பைகளை, அரிதான லிம்போமா (நிணநீர்த் தொகுதிப் புற்றுநோய்) ஒன்றோடு தொடர்பிருந்ததால், தயாரித்த அலர்கன் நிறுவனம் 2019இல் உலகெங்கும் திரும்பப் பெற்றது. வைக்கும் பையின் பெயர், மேற்பரப்பு, தொகுதி இலக்கம் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்குங்கள்.

மீளமைத்த மார்பில் உணர்ச்சி பெரும்பாலும் குறைவு. சுடுநீர்ப் பை வைத்தால் வெந்ததே தெரியாமல் போகும். இதையும் யாரும் சொல்வதில்லை.

மீளமைக்காமலே விடுவதும், பிறாவுக்குள் வைக்கும் செயற்கை மார்பும் கையேட்டில் தெரிவுகளாகவே சொல்லப்படவில்லை. ஆண்டுகள் கழித்தும் மீளமைக்கலாம் என்பது தெரிந்தால் பாதி அவசரம் குறையும். கூட வந்த கணவரோ அக்காவோ எல்லாக் கேள்வியையும் கேட்க, நோயாளி தலையாட்டிக்கொண்டிருப்பது நம் ஊர் வழக்கம். தனியாகப் பேச நேரம் கேளுங்கள்.

போகும்போது திசு அறிக்கை, மருந்துப் பட்டியல், நீரிழிவு இருந்தால் எச்பிஏ1சி (கடந்த சில மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரை) அளவு கையில் இருக்கட்டும். சம்மதப் படிவத்தில் அன்றே கையெழுத்திட வேண்டாம். இரண்டாவது சந்திப்பு கேட்டால் தருகிறார்கள், கேட்காதவருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது.