போர்ட்டார்லிங்டனுக்காக வாங்கிய புத்தகம்

சிங்கப்பூரின் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் இருக்கும் ஒரு பழைய புத்தகக் கடையில், அயர்லாந்தின் நாடாளுமன்றத் தேர்தல் முடிவுகளைத் தொகுதிவாரியாகத் தொகுத்த ஒரு தடித்த நூலைச் சென்ற மாதம் 45 வெள்ளிக்கு வாங்கினேன். தொடக்கக்கல்லூரியில் பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவருக்கு அயர்லாந்துத் தேர்தல் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். பொருளியல் அறிஞர் டேவிட் ரிக்கார்டோவைப் பற்றி இருபது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பில் பேசியவன், அவர் எந்த ஊரின் உறுப்பினராக நாடாளுமன்றத்தில் அமர்ந்தார் என்பதை ஒருமுறையாவது அச்சில் பார்க்க விரும்பினேன். அந்த ஊர் போர்ட்டார்லிங்டன்.

பேரோ ஆற்றங்கரையில், இன்றைய லீஷ், ஆஃபலி ஆகிய இரண்டு மாவட்டங்களின் எல்லையில் அமைந்த சிற்றூர் அது. 1690களில் பிரான்சிலிருந்து வெளியேறிய ஹியூகனோக்கள் என்ற புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள் குடியேறி வாழ்ந்த இடம். டப்ளினில் தனி நாடாளுமன்றம் இருந்தவரை இவ்வூர் இரண்டு உறுப்பினர்களை அனுப்பியது. 1801இல் அயர்லாந்து பிரிட்டனுடன் இணைக்கப்பட்டபோது டப்ளின் அவையின் 300 இடங்கள் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்தில் 100ஆகச் சுருங்கின. உரிமையை இழந்த நகர்த்தொகுதிகளின் உரிமையாளர்களுக்குத் தொகுதிக்கு 15,000 பவுண்டு இழப்பீடு கிடைத்தது. ஒரு தொகுதிக்கு ‘உரிமையாளர்’ இருந்தார் என்பதையும், அதை அரசே ஒப்புக்கொண்டு விலை கொடுத்தது என்பதையும் என் பழைய மாணவர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். போர்ட்டார்லிங்டன் ஒரே ஓர் இடத்தோடு தப்பியது. ஊரின் பெயரையே பட்டமாகக் கொண்ட பிரபுவின் குடும்பத்திடம் அதன் பிடி இருந்தது.

புத்தகத்தின் பலமும் பலவீனமும் இந்த ஒரு தொகுதியின் பக்கத்திலேயே தெரிந்துவிடுகின்றன. ஆண்டு, வேட்பாளர், கட்சி, வாக்கு என்று நான்கு பத்திகள். எழுத்து மிகச் சிறியது, என் கண்ணாடியைக் கழற்றி முகத்தருகே வைத்துத்தான் படிக்க முடிந்தது. 1807இல் வில்லியம் லாம் என்று ஒரு வரி இருக்கிறது. பின்னாளில் மெல்பர்ன் பிரபுவாகி, விக்டோரியா அரியணை ஏறியபோது பிரதமராக இருந்தவர் இவர்தான். அந்த அரசியின் பெயரைத் தாங்கிய சாலையை ஒட்டியிருக்கும் கட்டடத்திலேயே இந்த வரியைப் படித்தேன். இன்னும் கீழே 1819, டேவிட் ரிக்கார்டோ. யாரோ முன்பு வைத்திருந்தவர் நீலப் பென்சிலால் அடியில் கோடு இழுத்திருக்கிறார். வாக்குப் பத்தியில் எண் இல்லை. போட்டியின்றித் தேர்வு என்பதற்கான குறி மட்டும் இருக்கிறது.

நூலின் குறை அங்கேதான் தொடங்குகிறது. கடனில் இருந்த பிரபுவுக்கு 25,000 பவுண்டு கடனாகக் கொடுத்து, இடத்துக்கென்று 4,000 பவுண்டும் செலுத்தித்தான் ரிக்கார்டோ உறுப்பினரானார். வாக்காளர்கள் சுமார் பன்னிரண்டு பேர். இதில் ஒரு சொல்லும் அந்த வரியில் இல்லை. பணம் கொடுத்துப் பெற்ற இடமும், எதிர்த்து நிற்க ஆளில்லாமல் கிடைத்த இடமும் அட்டவணையில் ஒரே குறியோடு நிற்கின்றன. 2025இல் மரீன் பரேட் - பிராடல் ஹைட்ஸ் குழுத்தொகுதியில் வேட்புமனுத் தாக்கல் நாளன்றே முடிவு தெரிந்துபோனதை நாம் பார்த்தோம். இங்கே வாக்காளர் பட்டியலில் ஆயிரக்கணக்கானோர் இருந்தனர், எதிரணி வேட்பாளர்தான் வரவில்லை. அங்கே பட்டியலே ஒரு சாப்பாட்டு மேசைக்குள் அடங்கிவிடும். எண்களைத் திரட்டிய தொகுப்பாளரைக் குற்றம் சொல்வதற்கில்லை என்றாலும், எண்ணுவதற்கு எதுவுமே இல்லாத தொகுதிகளுக்கு இரண்டு வரி அடிக்குறிப்பாவது தந்திருக்கலாம்.

பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் இங்கே, சிங்கப்பூரில், குடியிருப்பு அமைக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அதே பிப்ரவரி 1819இல்தான் ரிக்கார்டோ அங்கே தேர்வானார் என்பது என் சொந்த மகிழ்ச்சி; நூலுக்கு அதில் பங்கில்லை. விலைக்கு வாங்கிய இடத்தில் அமர்ந்துகொண்டு அவர் நாடாளுமன்றச் சீர்திருத்தத்துக்காகவும் இரகசிய வாக்கெடுப்புக்காகவும் வாதாடினார். 1823இல் அவர் இறந்தார். இரகசிய வாக்கெடுப்புச் சட்டம் 1872இல்தான் வந்தது.

1832ஆம் ஆண்டின் சீர்திருத்தத்துக்குப் பிறகு, 10 பவுண்டு மதிப்புள்ள வீட்டைக் கொண்டிருந்தவர்களுக்கு வாக்குரிமை கிடைத்ததும், பத்தியில் எண்கள் தோன்றத் தொடங்குகின்றன; நூலும் அங்கிருந்து உண்மையிலேயே பயன்படுகிறது. அந்த ஆண்டு வென்றவர் தாமஸ் கிளாட்ஸ்டன், பிற்காலப் பிரதமரின் அண்ணன். பிரபு குடும்பத்தின் டாசன்-டேமர்கள் 1835 முதல் வந்து வந்து போகிறார்கள்; 1865இல் லிபரல் கட்சியின் லாசன் இடத்தைப் பிடிக்க, 1868இல் லயனல் டாசன்-டேமர் திரும்ப எடுத்துக்கொண்டு 1880 வரை விடவில்லை. 1885இல் தொகுதியே நீக்கப்பட்டது. இத்தனையையும் ஒரே பார்வையில் ஓட்டிப் பார்க்க முடிவது இந்த அட்டவணை முறையின் சிறப்பு. இதற்காகவே 45 வெள்ளி தகும்.

கடையைப் பற்றி அவ்வளவு நல்லபடியாகச் சொல்ல முடியவில்லை. ‘நல்ல நிலையில்’ என்று அட்டையில் சீட்டு ஒட்டியிருந்தார்கள். முதுகுப் பகுதியில் ராமபாணப் பூச்சி அரித்த தடம் இருந்ததை நானே பார்த்துத்தான் வாங்கினேன், அதில் வழக்கில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து புரட்டியபோது, ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு தாள்களைப் பிரிக்கையில், போர்ட்டார்லிங்டனின் கடைசி வரிகள் எதிர்ப் பக்கத்தோடு உரிந்து போய்விட்டன. திருப்பி எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் விளக்கொளியில் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வாக்குவாதம் செய்யாமல் 10 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். 1880இல் வென்ற ஃபிட்ஸ்பாட்ரிக் எத்தனை வாக்குகள் பெற்றார் என்பது மட்டும் இன்னும் அந்த எதிர்ப் பக்கத்தில் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.