யூசி விண்ணப்பத் தளம்: மறுமுறை விண்ணப்பிப்பவருக்கு எந்த அளவுக்கு உதவுகிறது?

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (சுருக்கமாக யூசி) ஒன்பது இளநிலை வளாகங்களுக்கும் ஒரே விண்ணப்பம்தான். பெர்க்லி முதல் மெர்செட் வரை வேண்டிய வளாகங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் 80 டாலர், வெளிநாட்டு மாணவரானால் 95 டாலர், கட்ட வேண்டும். முதன்முறை விண்ணப்பிப்பவருக்காக இத்தளத்தைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. இடம் கிடைக்காமல் ஓராண்டு கழித்தோ, கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் ஈராண்டுக் கல்லூரியில் படித்துவிட்டோ திரும்பி வருபவரின் பக்கத்திலிருந்து மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

பழைய விண்ணப்பத்தைத் தூசு தட்டி அனுப்ப இங்கு வழியில்லை. ஒவ்வொரு சேர்க்கைப் பருவத்துக்கும் புதிய விண்ணப்பமும் புதிய கட்டணமும் உண்டு. பல அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பத் தளமான காமன் ஆப்போ மாணவரின் சொந்த விவரங்களையும் 650 சொல் பொதுக் கட்டுரையையும் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசென்றுவிடும். தனித்தனிக் கல்லூரிகளின் கேள்விகளுக்கு எழுதிய பதில்கள் மட்டும் நீங்கிவிடும். வசதி என்று பார்த்தால் காமன் ஆப்தான் மேல். ஆனால் அந்த வசதியே பலரைச் சென்ற ஆண்டுக் கட்டுரையை ஒரு வரிகூட மாற்றாமல் மறுபடி அனுப்பச் செய்கிறது என்பது என் எண்ணம்.

யூசி கேட்பது நீண்ட கட்டுரையன்று. எட்டுக் கேள்விகளில் நான்கைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்குள் பதில் எழுத வேண்டும். எட்டுக்கும் ஒரே மதிப்புதான். நேர்காணலில் பேசுவதுபோல், கேட்டதற்கு நேராக விடை சொன்னால் போதும். காமன் ஆப் கட்டுரையை வெட்டிச் சுருக்கி இங்கே ஒட்ட முயல்வோர் சறுக்குவது இந்த இடத்தில்தான். பாட்டி வீட்டு முற்றத்தில் மழை பெய்த வருணனைக்கே நூறு சொல் போய்விட்டால், மாணவர் என்ன செய்தார் என்பதற்கு இடம் எங்கே? மேலும், ஒரே பதில் எல்லா வளாகங்களுக்கும் போகிறது என்பதால், பழைய பதிலில் ஏதேனும் ஒரு வளாகத்தின் பெயர் இருந்தால் அதைக் கட்டாயம் நீக்க வேண்டும்.

தாம் எழுதியதையே மீண்டும் பயன்படுத்துவதில் தவறில்லை. சவாலையோ, தலைமைப் பண்பையோ பற்றிய நல்ல பதில் ஓராண்டில் பழசாகிவிடுவதில்லை. ஆனால் இடைப்பட்ட ஆண்டில் பார்த்த வேலை, எடுத்த பாடம், குடும்பத்தில் ஏற்ற பொறுப்பு ஆகியவற்றில் எதுவுமே நான்கு பதில்களிலும் தென்படவில்லை என்றால், விண்ணப்பம் சென்ற ஆண்டிலேயே நின்றுவிட்டதாகத்தான் படிப்பவருக்குத் தோன்றும். செயல்பாடுகளுக்கும் விருதுகளுக்கும் இருபது பதிவுகள் வரை இடம் உண்டு. காமன் ஆப் செயல்பாடுகளுக்குத் தருவது பத்தே. புதிய விவரங்களுக்கு இந்த இடத்தைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

பெற்றோர் பலர் கவனிக்கத் தவறும் விதி ஒன்று உண்டு. பள்ளி முடித்தபின் ஏதேனும் ஒரு கல்லூரியில் வழக்கமான பருவத்தில் சேர்ந்துவிட்டால், அந்த மாணவர் மீண்டும் முதலாண்டு மாணவராக விண்ணப்பிக்க முடியாது; பள்ளி முடிந்த உடனே வரும் கோடைப் பருவத்துக்கு மட்டும் விலக்கு. அதன்பின் அவர் டிரான்ஸ்ஃபர் மாணவர், அதாவது வேறு கல்லூரியிலிருந்து மாறி வருபவர். அவர் சேர விரும்பும் இலையுதிர் பருவத்துக்கு முந்தைய வசந்த பருவ முடிவுக்குள் 60 செமஸ்டர் யூனிட்டுகளை (படித்த பாடங்களின் அளவைக் குறிக்கும் அலகு) முடித்திருக்க வேண்டும். "ஒரு வருடம் சும்மா இருப்பானேன், பக்கத்துக் காலேஜில் நாலு பாடம் எடு" என்று வீட்டில் சொல்லும் நல்ல யோசனை, வழியையே மாற்றிவிடக்கூடும். இவ்வளவு பெரிய விளைவுள்ள விதியைத் தளம் இன்னும் உரக்கச் சொல்லலாம்.

டிரான்ஸ்ஃபர் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி கட்டாயம்: தேர்ந்தெடுத்த முதன்மைப் பாடத்துக்கு எப்படித் தயாராகியிருக்கிறீர்கள் என்பது. மீதி மூன்றை ஏழிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அந்த ஏழும் முதலாண்டு மாணவருக்கான கேள்விகளை ஒட்டியவை என்பதால் பழைய கோப்பு இங்கே கைகொடுக்கும். கட்டாயக் கேள்விக்கு மட்டும் பழையது எதுவும் உதவாது. கல்லூரியில் எடுத்த வகுப்புகளைப் பெயர் சொல்லி எழுத வேண்டியிருக்கும்.

கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜிலிருந்து வரும் டிரான்ஸ்ஃபர் மாணவர் நிபந்தனைகளை நிறைவேற்றினால் இடத்தை உறுதிசெய்யும் டேக் திட்டம் டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் உண்டு. அதற்கான படிவம் தனி. ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் போடலாம். செப்டம்பர் 30க்குள் அனுப்பியாக வேண்டும். முதன்மை விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் வாயில் திறப்பதோ அக்டோபர் 1 அன்றுதான். ஆகவே அக்டோபரில் நிதானமாகத் தொடங்குபவருக்கு அந்த ஆண்டின் டேக் கிடையாது.