ஃபேக்டரி டூர் என்று காசு வாங்கினார்கள், பூட்டிய கேட்டைக் காட்டினார்கள்

கோயம்புத்தூரில் ஒரு டிராவல்ஸில் ஜிஎஸ்டி சேர்த்து 6,30,000 ரூபாய் கட்டி, அப்பாவும் நானும் 2024 ஆகஸ்டில் ஐரோப்பா போய் வந்தோம். கார் மியூசியங்கள், அதோடு மூன்று கார் தொழிற்சாலைகள். இதுதான் பேக்கேஜ். மூன்று தொழிற்சாலைகளில் ஒன்றுக்குள்ளும் நாங்கள் கால் வைக்கவில்லை. விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் டிராவல்ஸ் பெயரைப் போடவில்லை. பெயரைவிட, எப்படி ஏமாந்தோம் என்பதைச் சொன்னால்தான் உங்களுக்குப் பிரயோஜனம்.

அப்பா மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒரே ஒரு ஆசைதான். பிரான்ஸில் மூலூஸ் என்ற ஊரில் உள்ள கார் மியூசியம். ஷ்லும்ப் என்ற இரண்டு சகோதரர்கள், கம்பளி நூல் மில் முதலாளிகள், மில் வருமானத்தில் புகாட்டி கார்களாக வாங்கி யாருக்கும் தெரியாமல் மில்லுக்குள்ளேயே அடுக்கி வைத்திருந்தார்கள். மில் நொடித்து, 1977-இல் தொழிலாளர்கள் உள்ளே புகுந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. உலகத்தில் மொத்தம் ஆறே ஆறு இருக்கிற புகாட்டி ரோயால் கார்களில் இரண்டு அங்கே நிற்கின்றன. மில் தொழிலாளிக்கு இந்தக் கதை ஏன் பிடிக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு மெர்சிடிஸ், போர்ஷே மியூசியங்கள் இருக்கிற ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட், அப்புறம் இத்தாலியின் ஃபெராரி. சரி, எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டம் போட்டுக் கொடுத்தார்கள். வழவழ தாளில் கலர் பிரிண்ட். ஞாயிறு பிஎம்டபிள்யூ ஃபேக்டரி, திங்கள் ஸ்டுட்கார்ட், செவ்வாய் மூலூஸ், வியாழன் ஃபெராரி ஃபேக்டரி, வெள்ளி லம்போர்கினி ஃபேக்டரி. “எல்லா இடத்துக்கும் புக்கிங் ஆயிருச்சுங்களா?” என்று கேட்டேன். “அதெல்லாம் பாத்துக்கலாங்ணா” என்றார் டிராவல்ஸ் பையன். அந்த ‘லாங்ணா’வில்தான் நான் விழுந்தேன்.

பிஎம்டபிள்யூ ஆலை இருக்கிற மியூனிக்கில் ஞாயிறு காலை வவுச்சரை நீட்டியதும் கவுன்டரில் இருந்த பெண் இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். தொழிற்சாலையைச் சுற்றிக்காட்டுவது வேலை நாட்களில் மட்டும்தானாம். அதுவும் ஆகஸ்டில் ஆலைக்கே கோடை விடுமுறை. எங்கள் கையில் இருந்தது மியூசியம் டிக்கெட். அந்த வட்டக் கிண்ணம் போன்ற மியூசியத்தைப் பார்த்துவிட்டு எதிரே உள்ள பிஎம்டபிள்யூ வெல்ட் கட்டடத்துக்குப் போனோம். அங்கே நுழைவுக்குக் கட்டணமே கிடையாது. ஊருக்கு வந்து பில்லை விரித்துப் பார்த்தால் ‘பிஎம்டபிள்யூ வெல்ட் நுழைவு, இரண்டு நபர்’ என்று தனியாக ஒரு வரி போட்டு அதற்கும் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

மறுநாள் ஸ்டுட்கார்ட். மெர்சிடிஸ் மியூசியத்தின் முன்னால் பெரிய முற்றம், ஈ காக்கை இல்லை. நேரத்தோடு வந்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டேன். அப்பாதான் வாசலில் ஒட்டியிருந்த நேரப் பட்டியலைக் கண்டார். ஜெர்மன் தெரியாவிட்டாலும் ஏழு நாட்களில் ஆறுக்கு மட்டும் மணி போட்டிருந்தால் புரியாதா? திங்கட்கிழமை விடுமுறை.

“ஏங்கண்ணு, நம்ம அவிநாசி ரோட்டு ஜி.டி. கார் மியூசியமே திங்கக்கெழம லீவுதான? இவனுக அதக்கூடப் பாக்கலையா?”

போர்ஷேவாவது இருக்கிறதே என்று ரயில் பிடித்து நகரத்தின் மறு கோடிக்குப் போனோம். அதுவும் திங்கள் விடுமுறை. வாசலில் உள்ள ரவுண்டானாவில் மூன்று வெள்ளைத் தூண்கள் வானத்தைப் பார்த்து நிற்கும், ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு போர்ஷே 911 கார். 24 மீட்டர் உயரம். அதன் கீழே உட்கார்ந்து ஹோட்டலில் எடுத்த ரொட்டியைத் தின்றோம். டிராவல்ஸுக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். மூன்று மணி நேரம் கழித்துப் பதில்: “லோக்கல் ஹாலிடே சார், எங்க கையில இல்லீங்க.” வாராவாரம் வருகிற லோக்கல் ஹாலிடே!

இனி சொல்லப்போவது என் தப்பு. இரண்டு மியூசியத்தையும் விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அன்று இரவு கைக்காசில் ரூம் போட்டு, செவ்வாய் பகல் முழுக்க ஸ்டுட்கார்ட்டிலேயே இருந்தோம். மெர்சிடிஸ் மியூசியத்தில் லிஃப்டில் உச்சிக்குப் போய்ச் சுற்றிச் சுற்றி இறங்க வேண்டும். மேலே முதலில் நிற்பது கார் அல்ல, ஒரு வெள்ளைக் குதிரை. அப்பா சிரித்தார். அப்புறம் 1886-இன் மூன்று சக்கர பென்ஸ் முன்னால் நெடுநேரம் குனிந்து நின்றார். மூலூஸ் போய்ச் சேர்ந்தபோது ராத்திரி. புதன் காலை எட்டு மணிக்கு மிலான் ரயில், மாற்ற முடியாத டிக்கெட். மியூசியம் திறப்பது பத்து மணிக்கு. அந்த ஊரில் படுத்து எழுந்தோம், அவ்வளவுதான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் பழைய மில் புகைபோக்கி ஒன்றைக் காட்டி, “இங்கியும் நம்மூரு மாதிரித்தான்” என்றார்.

திட்டத்தில் திங்களையும் செவ்வாயையும் இடம் மாற்றிப் போட்டிருந்தால் இது நடந்தே இருக்காது. மூலூஸ் திங்களன்றும் திறந்திருக்கும். இதற்கு ஒரு பைசா செலவு கிடையாது. கேலண்டரைப் பார்த்தால் போதும்.

இத்தாலியில், மிலானில் வாடகைக் கார் எடுத்து மொடேனா என்ற ஊர். ஆகஸ்ட் 15 நமக்குச் சுதந்திர தினம், இத்தாலியில் ஃபெராகோஸ்தோ என்ற விடுமுறை நாள். அதை ஒட்டிய வாரங்களில் அந்த நாட்டுத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் லீவு விட்டுவிடும். இது அங்கே குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. மொடேனாவுக்குப் பக்கத்தில், ஃபெராரி ஆலை இருக்கிற மரனெல்லோவில் ஃபெராரி மியூசியம் திறந்திருந்தது. எங்கள் வவுச்சரில் கொட்டை எழுத்தில் இருந்த ‘ஃபேக்டரி விசிட்’ எதுவென்று கேட்டேன். அது மரனெல்லோ, மொடேனா இரண்டு மியூசியத்துக்கும் சேர்த்துத் தருகிற சாதாரண டிக்கெட். ஆலைக்குள் போக முடிவது ஃபெராரி வாங்கியவர்களால்தான். பொதுமக்களுக்கு உண்டென்று சொல்வது ஆலை வளாகத்தையும் ஃபியோரனோ என்ற சோதனை ஓடுதளத்தையும் பஸ்ஸில் ஒரு சுற்று. கீழே இறங்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. எங்கள் சீட்டில் அதுகூட இல்லை. பழைய வாசலின் மூடிய கேட் முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டோம்.

லம்போர்கினி ஆலையும் லீவு என்று அன்றே தெரிந்ததால் வெள்ளிக்கிழமை மொடேனாவிலேயே இருந்துவிட்டோம். அங்கே ஃபெராரி கம்பெனியைத் தொடங்கிய என்ஸோ ஃபெராரியின் அப்பா வைத்திருந்த உலோகப் பட்டறையை என்ஜின் மியூசியமாக்கியிருக்கிறார்கள். அப்பாவுக்குப் பயணம் முழுக்கப் பிடித்த இடம் அதுதான். வெளியே வர மனசில்லாமல் வந்தார்.

ஊர் திரும்பிச் சண்டை போட்டதற்கு, அடுத்த டூரில் கழித்துக்கொள்ள 15,000 ரூபாய் கூப்பன் தருகிறோம் என்றார்கள். திட்டத்தின் கடைசிப் பக்க அடியில் எறும்பு எழுத்தில் ‘அனுமதி கிடைப்பதைப் பொறுத்தது’ என்று இருப்பதைக் காட்டினார்கள்.

பணம் கட்டும் முன் நான் கேட்டிருக்க வேண்டியது வவுச்சரை அல்ல. தொழிற்சாலை டூர் என்றால் தேதி, மணி, எந்த மொழியில் விளக்குவார்கள் என்பதெல்லாம் குறித்துத்தான் முன்பதிவு நடக்கும். அந்தக் கம்பெனி அனுப்பிய உறுதிச் சீட்டு, உங்கள் பெயரோடு, உங்கள் கைக்கு வர வேண்டும். வராத வரை அட்வான்ஸுக்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். ஆகஸ்டில் போகவே போகாதீர்கள்.

இன்னொன்று. வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு, விற்பவரே வாங்கி அரசுக்குக் கட்ட வேண்டிய டிசிஎஸ் என்ற வருமானவரி முன்பணம் பிடிப்பார்கள். அப்போது 5 சதவீதம், எங்களுக்கு 31,500 ரூபாய். அது உங்கள் பான் எண்ணில் வரவாக வேண்டிய பணம். வருமானவரித் தளத்தில், நம் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து பார்த்தபோது என் கணக்கில் அப்படி ஒரு வரவே இல்லை. வாங்கிய பணத்தை அரசுக்குக் கட்டவே இல்லை. டிசிஎஸ் பிடித்ததற்கான 27டி சான்றிதழ் கொடுங்கள் என்று எழுத்தில் கேட்டதும்தான் அங்கே முதல்முறையாகப் பதற்றம் வந்தது. மியூசியத்துக்கு வராத பயம் வரிக்கு வந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்தேன், பலனில்லாமல் மாவட்ட ஆணையத்தில் மனுப் போட்டேன்.

இதற்கிடையில் ஏழாவது மாதம் மொடேனாவிலிருந்து ஒரு அபராதக் கடிதம். இத்தாலியில் பல ஊர்களில் பழைய நகரப் பகுதிக்குள் வெளியார் வண்டி போகக் கூடாது. சிவப்பு வளையம் போட்ட வெள்ளைப் பலகை இருக்கும், கேமரா படம் பிடிக்கும். டிராவல்ஸ் எங்களுக்கு ஹோட்டல் போட்டுக் கொடுத்ததே அந்தப் பகுதிக்குள். வண்டி எண்ணை ஹோட்டலில் சொல்லிப் பதிய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் விவரத்தை அந்த ஊர் அதிகாரிகளுக்குக் கொடுத்ததற்கு வாடகைக் கார்க்காரர்கள் கார்டில் முன்பே தனியாகக் கழித்திருந்தார்கள். அபராதமும் சேர்த்து 160 யூரோவுக்கு மேல். டிராவல்ஸில் கேட்டால், “வண்டி ஓட்டுனது நீங்கதானுங்களே சார்?”

அந்தக் கடிதத்தையும் மனுவோடு இணைத்துவிட்டேன். அடுத்த வாய்தாவுக்கு அப்பாவும் வருகிறேன் என்கிறார்.